கொழும்புக்குப் படிப்பிக்க வரும் தம்பிக்கு: போத்தல் பூச்சாடியில் தொடங்க வேண்டாம்

தம்பி, சேலத்திலிருந்து கொழும்புச் சர்வதேசப் பாடசாலைக்கு வரப்போவதாக எழுதி, வாடகை, சம்பளம், விசா, வகுப்பு என்று நாலு விஷயம் கேட்டிருக்கிறீர்கள். வெள்ளவத்தைப் பக்கம் வீடு கிடைக்கும், முற்பணம்தான் கையைக் கடிக்கும். சம்பளத்தையும் விசாவையும் பாடசாலையிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அவ்வளவுதான். தரம் 6 முதல் 9 வரை சுழற்சிப் பொருளாதாரம் (பொருளைக் குப்பையாக்காமல் மீண்டும் மீண்டும் பயன்பாட்டில் வைத்திருப்பது) படிப்பிக்கச் சொல்கிறார்கள், அங்கே செய்தது போலப் போத்தலில் பூச்சாடியும் டயரில் தோட்டமும் போடலாமா என்கிறீர்களே, அதைத்தான் விரிவாகப் பேச வேண்டும். வந்த புதிதில் இதை எனக்குச் சொல்ல ஆளில்லை.

போடாதீர்கள். முதற்காரணம் டெங்கு. கொழும்பில் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டே இருக்கும். டயரின் உள்வளைவில் தேங்கும் நீரை எப்படிக் கவிழ்த்தாலும் முழுதாக வடியாது. டெங்கு நுளம்பின் (கொசுவின்) முட்டை காய்ந்த டயரின் உட்புறத்தில் ஒட்டியபடி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நீர் பட்டால் ஏழு முதல் பத்து நாளில் நுளம்பாகிவிடும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பாடசாலைக்குள் வந்து பார்ப்பார், குடம்பி (கொசுப்புழு) கண்டால் அதிபர் (தலைமையாசிரியர்) நீதிமன்றம் போக நேரும். இரண்டாவது காரணம் பாடத்தையே கெடுப்பது. சுத்தமான பெட் (PET) பிளாஸ்டிக் போத்தலை மீள்சுழற்சிக்கு எடுப்பார்கள். அதை வெட்டி, பெயின்ட் அடித்து, பசை ஒட்டி, மண் நிரப்பினால் கண்காட்சி முடிந்ததும் அது யாருக்கும் வேண்டாத குப்பை. வட்டத்தை நாமே அறுத்துவிட்டு அதற்குச் சான்றிதழும் கொடுக்கிறோம்.

நிறக் குறியீடும் மாறும். உங்கள் ஊரில் பச்சை ஈரக்குப்பை, நீலம் உலர்குப்பை. இங்கே பச்சை உணவுக் கழிவு, நீலம் கடதாசி மட்டும், செம்மஞ்சள் பிளாஸ்டிக்கும் பொலித்தீனும், சிவப்பு கண்ணாடி, மண்ணிறம் உலோகமும் சிரட்டையும். உங்கள் ஊர் ஞாபகத்தில் நீல வாளியில் பிளாஸ்டிக்கைப் போடச் சொன்னீர்களென்றால் வகுப்பே குழம்பிவிடும். வருடக்கணக்காக இங்கே இருந்தும் "எங்க ஊரில் இப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டே காலம் கழிக்கும் நம்மவர்கள் பலர். இந்த ஊர்ச் சொல்லையும் சட்டத்தையும் கற்றுக்கொண்டவன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. லஞ்ச் ஷீட்டுக்கு (சோறு பொதி கட்டும் மெல்லிய பொலித்தீன் தாளுக்கு) 2017 முதல் தடை, பிளாஸ்டிக் கரண்டி, தட்டு, உறிஞ்சுகுழாய், இடியப்பத் தட்டு ஆகியவற்றுக்கு 2023 ஒக்டோபர் முதல் தடை. பிள்ளைகளின் உணவுப் பொதியை முன்னால் வைத்து இதைப் பேசலாம்.

தொடக்கம் தராசில் இருக்கட்டும். ஐந்து வாளி, ஒரு கொக்கித் தராசு, கையுறை, ஐந்து பள்ளி நாட்கள். இடைவேளை முடிந்ததும் ஒரு வகுப்பின் குப்பையைப் பிரித்து எடைபோட்டு, தலைக்கு எத்தனை கிராம் என்று வகுக்க வேண்டும். முன்கூட்டி அறிவித்தால் அன்றைக்கு மட்டும் பொதி மாறி வரும், கணக்குப் பொய்யாகும். நனைந்த கடதாசி எடையைக் கூட்டிக் காட்டும், அதைக் காயவைத்து நிறுங்கள். உட்புறம் பளபளக்கும் பிஸ்கட் உறையைத் தனியாக எண்ணுங்கள். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டியிருப்பதால் அதைப் பிரித்து மீட்பது கடினம். வாங்காமல் இருப்பதே அதற்கு வழி என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

அடுத்தது மிதப்புச் சோதனை. போத்தலிலிருந்தும் மூடியிலிருந்தும் விரல்நகம் அளவு துண்டு வெட்டி நீரில் போடுங்கள். பெட் தாழும், மூடி மிதக்கும். காற்றுக்குமிழ் ஒட்டினால் பெட்டும் மிதந்து ஏமாற்றும். ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் சரியாகும். மீள்சுழற்சி ஆலையிலும் இப்படித்தான் பிரிக்கிறார்கள். போத்தலைச் சுற்றியிருக்கும் உறை பிவிசி என்ற பிளாஸ்டிக்காக இருந்தால் அதுவும் பெட்டோடு தாழ்ந்து முழுத் தொகுதியையும் கெடுக்கும். உறையை ஏன் கழற்றச் சொல்கிறோம் என்பது அப்போது புரியும்.

கூட்டெருவுக்கு (கம்போஸ்ட்) 200 லீற்றர் பீப்பாய் போதும். பக்கங்களில் 12 மில்லிமீற்றர் துளைகள், அடியில் ஒரு சாண் தேங்காய் மட்டை, மேலே மழை இறங்காத மூடி. ஒரு பங்கு உணவுக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகோ தும்புச்சோறோ (தேங்காய் நார்த்தூள்). மரத்தளபாடம் செய்யும் மொரட்டுவ ஊரின் மரத்தூளும் நல்லதுதான், ஆனால் ஒட்டுப்பலகைத் தூள் கூடாது, அதில் பசை இருக்கிறது. மீன், இறைச்சி போட்டால் எலி வரும். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டுத்தான் விழ வேண்டும். அழுகல் நாற்றம் என்றால் காற்றில்லை, கிளறுங்கள். அமோனியா நெடி என்றால் சருகு போதவில்லை. ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் விடுமுறைகளில்தான் பள்ளிக்கூடக் கூட்டெரு கெட்டுப்போகிறது. விடுமுறைக்கு இரண்டு வாரம் முன்பே கழிவு போடுவதை நிறுத்தி, மேலே தும்புச்சோற்றைத் தடிப்பாகப் பரப்பிவிடுங்கள்.

வெளியே கூட்டிப்போக மாதிரிக் கிராமம் தேட வேண்டாம். பழைய வாகனங்களைக் கழற்றிப் பாகம் பாகமாக விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போங்கள். ஒரு கியர்ப்பெட்டி உருகாமல், நொறுங்காமல் இன்னொரு வண்டிக்கு மாறுவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும். உருக்குவதைவிடப் பழுதுபார்ப்பது ஏன் மேல் என்று படம் போட்டு விளக்கத் தேவையிருக்காது.

கொழும்பின் குப்பையைக் கொட்டிவந்த மீதொட்டமுல்லவை மட்டும் பாடத்தில் விட்டுவிடாதீர்கள். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் அந்தக் குப்பைமலை சரிந்து வீடுகளை மூடியது, 30க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குமுன் இந்த நகரத்தில் எல்லாம் ஒரே பையில்தான் போகும். பிறகு வந்த வாரங்களில் பைகள் தெருவிலேயே கிடந்தன, அதன்பின்தான் பிரித்துக் கொடுக்காத குப்பையை எடுக்கமாட்டோம் என்று கண்டிப்பானது. இப்போது கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து 10 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் நிலையம் 2021 முதல் இருக்கிறது. அங்கேயும் ஈரச்சோறு கலந்த குப்பை சரியாக எரியாது. உங்கள் வகுப்பில் சரிவு நடந்த இடத்துக்குப் பக்கத்துப் பிள்ளைகள் இருக்கலாம். படங்களைத் திரையில் போடுமுன் வகுப்பாசிரியரிடம் கேளுங்கள்.