‘என்று’வுக்குப் பின்னால் பாருங்கள்

கேள்வி: மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகன் ‘யார்’, ‘என்ன’ என்று எங்கே கண்டாலும் கேள்விக்குறி போட்டுவிடுகிறான். ‘யார் வந்தார் என்று தெரியவில்லை?’ என்று எழுதுகிறான். மற்ற இடங்களில் மூன்று மூன்று ஆச்சரியக்குறி. எப்படித் திருத்துவது?
– ஒரு வாசகி, திருவாரூர்

பதில்: உங்கள் மகன் விதியை மீறவில்லை அம்மா; பாதி விதியை மிக ஒழுங்காகப் பின்பற்றுகிறான். ‘இவை வினாச்சொற்கள், கண்டால் வினாக்குறி போடு’ என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். (இந்த ‘யாரோ’வைக் கண்டால் அவன் என்ன செய்வான் என்று பார்க்க எனக்கு ஆசை.)

மீதிப் பாதி நன்னூலிலேயே இருக்கிறது. எ, யா சொல்லின் முதலிலும், ஆ, ஓ இறுதியிலும், ஏ இரண்டு இடங்களிலும் வினாவாக வரும் என்கிறார் பவணந்தியார். நாம் முதலில் வருவதைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வைக்கிறோம். இறுதியில் வரும் ‘ஆ’வைப் பற்றிப் பேசுவதே இல்லை. அவன் நோட்டில் ‘நீ வருகிறாயா’ என்பதற்குப் பின்னால் முற்றுப்புள்ளி இருந்தால் திட்டாதீர்கள்.

அப்பா வீடு திரும்பும் நேரத்தில் ஒரு தாளில் ‘அப்பா வந்துவிட்டார்’ என்று எழுதி, அதைக் கேள்வியாக்கச் சொல்லுங்கள். வெறும் குறியை மட்டும் மாற்றினால் சத்தமாகப் படிக்க வைத்துவிடுங்கள். நாக்கு தானாக ‘வந்துவிட்டாரா’ என்று போகும். ஓலைச்சுவடிகளில் இந்தக் குறிகள் எவையும் கிடையாது. ஐரோப்பியர் கொண்டுவந்த அச்சு வழியாகப் பரவியவை. அதற்கு முன்பும் தமிழன் கேள்வி கேட்டுக்கொண்டுதான் இருந்தான், அந்த ‘ஆ’வை வைத்து.

இனி உங்கள் சிக்கலுக்கு வருவோம். ‘யார் வந்தார்?’ கேள்விதான். பின்னால் வந்த ‘என்று தெரியவில்லை’ அதை விழுங்கிவிட்டது. எனவே ஒரே ஒரு பழக்கம் போதும்: வாக்கியத்தில் ‘என்று’ இருந்தால் அதற்கு முன்னால் இருப்பதை உள்ளங்கையால் மூடிவிட்டு, மீதியைப் படித்துக் குறி போடட்டும். ‘தெரியவில்லை’ என்றால் புள்ளி. ‘தெரியுமா’ என்றால் வினாக்குறி. ‘நாளை விடுமுறையா என்று கேட்டாள்’ என்பதில் கேட்டவள் அவள். எழுதுகிறவன் செய்தி சொல்கிறான், ஆகவே புள்ளி. இந்த ஒன்றில் பெரியவர்களும் வழுக்குகிறார்கள், பத்திரிகைக்காரர்கள் உட்பட.

‘எவ்வளவு பெரிய யானை!’ என்பதில் வினாச்சொல் இருந்தும் யாரும் பதில் சொல்லப்போவதில்லை. அதனால் ஆச்சரியக்குறி. ஆனால் ‘பதில் வேண்டுமா’ என்ற சோதனையை மட்டும் நம்பினால் பையன் உங்களையே மடக்குவான்: ‘உனக்கு அறிவு இருக்கிறதா?’ என்று நீங்கள் கத்தும்போது பதிலா எதிர்பார்க்கிறீர்கள்? அங்கே சொல்லின் வாலில் ‘ஆ’ இருக்கிறது, அதனால் வினாக்குறிதான்.

மூன்று ஆச்சரியக்குறிகளை அவன் வாட்ஸ்அப்பில் பார்த்திருப்பான், வீட்டிலேயே. குறி போட்ட இடத்தில் என்ன உணர்ச்சி என்று கேளுங்கள்: பயமா, மகிழ்ச்சியா, வியப்பா? பெயர் சொன்னால் ஒன்று இருக்கட்டும். ‘சும்மா’ என்றால் அவனே அழித்துவிடட்டும். சிவப்புப் பேனாவை நீங்கள் எடுக்க வேண்டாம்; ரப்பரை அவன் கையில் கொடுங்கள்.