அண்ணனின் ஸ்டாண்டிங் ஃப்ரேமில் தங்கச்சி ஏறினால்?

கேள்வி: வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் ஒரே அறை வீடு. மகனுக்கு 7 வயது, மூளை முடக்குவாதம். மூன்று மாதமாக வீட்டிலேயே தினமும் முக்கால் மணி நேரம் ஸ்டாண்டிங் ஃப்ரேமில் (பெல்ட்டும் பட்டையும் கட்டி நேராக நிற்க வைக்கும் சட்டத்தில்) நிற்க வைக்கிறோம். 5 வயது தங்கச்சி பின்னால் ஏறுகிறாள், திருகைத் திருப்புகிறாள், அவன் காலில் மாட்டுகிற ஸ்பிளிண்டை ஒளித்து வைக்கிறாள், 'எனக்கும் கட்டி விடு' என்று அழுகிறாள். மடக்கி வைக்கிற ஃப்ரேம் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் ஃப்ரேம் எங்கே நிற்கிறது? ஒரே அறை வீட்டில் பெரும்பாலும் டிவிக்கு எதிரேதான். அவள் சொப்பு பரப்புவதும் ராத்திரி பாய் போடுவதும் அங்கேதான். அவளுக்கு இடமும் போச்சு, அந்த முக்கால் மணி நேரம் அம்மாவும் போச்சு. ஐந்து வயசுக்கு இது போதாதா, ஸ்பிளிண்டை ஒளிக்க?

அவனைக் கட்டி முடித்ததும் ஃப்ரேமின் முதுகுப்பக்கம் சுவரை ஒட்டும்படி தள்ளி, சக்கரத்துக்குப் பிரேக் போடுங்கள். பின்னால் ஏற இடமே இருக்காது. முன்னால் உள்ள தட்டில் பாதி அவளுக்கு. ஸ்டூல் போட்டு அவளும் அங்கேயே எழுதட்டும். முக்கால் மணியை ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை, காலையில் பாதி, மாலையில் பாதி என்று பிரிக்கலாம்.

திருகு விஷயத்தில் மட்டும் தாட்சண்யமே கூடாது. முட்டிப் பட்டையின் திருகு தளர்ந்தால் முட்டி மடங்கும், உடம்பு கீழே சரியும், நெஞ்சு பெல்ட் அக்குளைத் தாண்டிக் கழுத்துக்கு ஏறிவிடும். எல்லாத் திருகையும் முறுக்கிய பிறகு, திருகின் மேலும் கம்பியின் மேலும் சேர்த்து நகப்பூச்சால் ஒரே கோடு இழுங்கள். கோடு விலகியிருந்தால் யாரோ திருப்பியிருக்கிறார்கள். கட்டுவதற்கு முன் தினமும் பார்க்க வேண்டும். வெல்க்ரோவில் சிக்கிய முடியைப் பழைய சீப்பால் எடுக்கிற வேலை தங்கச்சிக்கு. பெல்ட்டை அவிழ்க்கிற வேலை ஒருநாளும் அவளுக்கு இல்லை.

'எனக்கும் கட்டி விடு' என்றால் கட்டக் கூடாது. அது அவன் அளவுக்குச் செய்தது. ஒரே விதிவிலக்கு தெரபி பந்து, அதாவது பயிற்சிக்கு உட்கார வைக்கிற பெரிய காற்றுப் பந்து. அதில் அவளும் ஆடலாம். ஆனால் அவன் ஆடி முடித்த பிறகு, பாயின் மேல், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிய வேண்டும், தொங்கினால் கொஞ்சம் காற்றை இறக்குங்கள். நின்றுகொண்டு குதிக்கக் கூடாது. தண்ணீர் சிந்திய தரையில் கூடாது. மொட்டை மாடிக்குக் கொண்டுபோகவும் கூடாது, நம்ம ஊர் வெயிலில் பந்து பாழாகும்.

இப்போது அந்த 'ஒருவர்'. பிள்ளையின் வயசை மட்டும் கேட்டு விலை சொன்னால், புரோக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'பெரிசா வாங்கிடுங்க, வளர்றப்ப சரியாயிடும்' என்பார். பெரிய ஃப்ரேமில் இடுப்பு பெல்ட் வயிற்றில் உட்காரும், குழந்தை நிற்காது, தொங்கும். 'கவர்மென்ட்ல ஒரு தடவைதான் தருவாங்க' என்பதும் புளுகு. மாற்றுத்திறனாளிகளுக்கு உபகரணம் தரும் மத்திய அரசின் அடிப் (ADIP) திட்டத்தில் அதே உபகரணத்தை மறுபடி வாங்க மூன்று வருட இடைவெளி வேண்டும், 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஒரே வருடம்தான். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யுடிஐடி (UDID) அட்டைக்கு விண்ணப்பிக்கவும் காசு கிடையாது. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி ஆபீஸ் வாசலில் ஒட்டியிருந்தால் புரோக்கருக்குப் பிழைப்பே இருக்காது. ஒட்ட மாட்டார்கள். வடசென்னைத் தாய் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, உபகரணம் தரும் முகாம் எப்போது என்று கேட்கவே இரண்டு பஸ் மாற வேண்டும்.

ஃப்ரேம் மாற்றும் காலம் வந்தால் பிசியோதெரபிஸ்டிடம் நான்கு அளவு எடுக்கச் சொல்லுங்கள்: குதிகாலிலிருந்து முட்டி, குதிகாலிலிருந்து இடுப்பு, குதிகாலிலிருந்து அக்குள், நெஞ்சின் அகலம். அளக்கும்போது ஸ்பிளிண்ட் காலில் இருக்க வேண்டும். அதைத் தேடி எடுத்து வரும் பொறுப்பு, ஒளித்தவளுக்கே.