பழைய வேட்டி இருக்க டிஷ்யூ ரோல் எதற்கு?

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்கள் வீட்டில் ஐந்து பேர். டிஷ்யூ ரோல், குப்பைப் பை, அலுமினியம் ஃபாயில், பேப்பர் கப், பேப்பர் தட்டு என்று மாதம் ஏறத்தாழ 1,100 ரூபாய் போகிறது. வீட்டில் இருக்கும் பழைய பொருள்களை வைத்தே இதைக் குறைக்க முடியுமா? மாமியார் ஹோட்டல் பார்சல் டப்பாக்களையும் குளிர்பான பாட்டில்களையும் கழுவிச் சேர்த்து வைக்கிறார். அவற்றைப் பயன்படுத்தலாமா? எங்கள் குடியிருப்புக்கு ஒருவர் 'மக்கும் குப்பைப் பை' கொண்டுவந்து விற்கிறார். அதை வாங்கலாமா?"

மாதம் 1,100 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 13,200 ரூபாய். ஒருமுறை துடைத்துவிட்டும் ஒருமுறை சுற்றிவிட்டும் தூக்கியெறிவதற்கு இவ்வளவு பணமா என்று நீங்கள் கவலைப்படுவது நியாயமானதே. பல ஆண்டுகள் மனையியல் கற்பித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இதில் பெரும்பகுதியை நீங்கள் நிறுத்திவிடலாம். ஆனால் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்ற முயன்றால் அடுத்த மாதமே பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிடுவீர்கள் என்பதால், துணியிலிருந்து தொடங்குங்கள்.

அலமாரியின் அடித்தட்டில் கரை நைந்துபோன நாலு முழ வேட்டி ஒன்று கட்டாயம் இருக்கும். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு உடனே பரவி உறிஞ்சப்பட்டால் அது பருத்தி. முத்துப்போல் மேலேயே நின்றால் பாலியஸ்டர் கலந்தது, துடைக்க உதவாது. பலமுறை துவைத்துக் கஞ்சியெல்லாம் போன பழைய பருத்திதான் புதியதைவிட நன்றாக உறிஞ்சும். வேட்டியை ஓரடிக்கு ஓரடியாகக் கிழித்தால் ஏறத்தாழ 24 துண்டுகள் கிடைக்கும். கத்தரிக்கோலால் ஓரத்தில் சிறிது வெட்டிவிட்டுக் கையால் கிழித்தால் நூலோட்டத்தில் நேராக வரும். பாதித் துண்டுகளின் மூலையில் சிவப்பு நூலால் நாலு தையல் போட்டு அவற்றை அடுப்பு மேடைக்கும், மற்றவற்றைக் கை துடைக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் கலந்தால் மேடையில் உள்ள கிருமி கைக்கு வந்துவிடும். இரவில் சலவை சோடா கரைத்த வெந்நீரில் ஊறவைத்து, காலையில் அலசி, வெயிலில் காயப்போட்டால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னையில் துணி இரண்டு நாளானாலும் காயாது. ஈர வாடையோடு எடுத்துப் பயன்படுத்துவதைவிட, அந்த இரண்டு மாதங்களுக்கு இன்னொரு வேட்டியையும் கிழித்து இருப்பைக் கூட்டிவிடுவது நல்லது.

டிஷ்யூவை நிறுத்தியவுடன் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. வடை, பஜ்ஜியின் எண்ணெயை எடுக்கச் செய்தித்தாளை விரித்துவிடுகிறார்கள். அச்சு மையில் உள்ள ரசாயனங்கள் சூடான எண்ணெயில் கரைந்து பண்டத்தில் ஏறிவிடும். உணவைச் செய்தித்தாளில் பொதியக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டுப் பொதிவு விதிமுறைகளே தடை விதித்திருக்கின்றன. வடையை ஜல்லிக் கரண்டியில் நன்றாக வடித்து, அடியில் ஒரு தட்டு வைத்த துளைப் பாத்திரத்தில் போட்டுவிட்டால் வடிந்த எண்ணெயும் வீணாகாது. செய்தித்தாளுக்கு வேறு இடம் இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

குப்பைப் பை வாங்குவதை இன்றே நிறுத்தலாம். பெயின்ட் அடித்த வீட்டில் மிஞ்சும் மூடி போட்ட வாளி ஒன்றை எடுத்து, அடியில் செய்தித்தாளை நான்காக மடித்துப் போட்டு, அதன்மேல் கைப்பிடி காய்ந்த இலையைத் தூவிவிட்டுக் காய்கறிக் கழிவைப் போடுங்கள். கசிவு தாளோடு நின்றுவிடும். காலையில் அப்படியே கவிழ்த்துவிட்டு வாளியை அலசி வெயிலில் வைத்தால் நாற்றம் இருக்காது. மக்கும் குப்பையைத் தனியே பிரித்துத் தரவேண்டும் என்று 2016இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே சொல்லியாயிற்று. பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்தால் பிரித்ததன் பயனே போய்விடுகிறது. நாம் பொறுப்பாகப் பிரித்துக் கொடுப்பதை வண்டியில் ஒன்றாகக் கொட்டிக்கொண்டு போவதை என் தெருவிலேயே பார்த்து மனம் வெதும்பியிருக்கிறேன்; அதற்காகப் பிரிப்பதை நான் நிறுத்தவில்லை, நீங்களும் நிறுத்தாதீர்கள்.

இனி அந்த 'மக்கும் பை' வியாபாரி. தயவுசெய்து வாங்காதீர்கள். பச்சை நிறமும் இலைப் படமும் இருந்துவிட்டால் பை மக்கிவிடாது. உண்மையான மக்கும் பிளாஸ்டிக் ஐ.எஸ். 17088 தரத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். தயாரிப்பாளரிடம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட பைகூடப் பெரிய உரக்கூடங்களின் உயர் வெப்பத்தில் மக்குவதற்காகத் தயாரிக்கப்படுவதே தவிர, உங்கள் மாடித் தொட்டியில் மக்கும் என்பதற்கு உறுதி இல்லை. என் வீட்டு வாசலுக்கு வந்த ஒருவரிடம் வாங்கிய பையைச் செம்பருத்தித் தொட்டியில் புதைத்துவைத்தேன். எட்டு மாதம் கழித்துத் தோண்டியபோது மண்புழுக்கள் அதன்மேல் ஊர்ந்துகொண்டிருந்தன. பையில் அச்சிட்ட எழுத்தை அப்போதும் முழுதாகப் படிக்க முடிந்தது. சான்றிதழ் எண்ணைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலானோர் பேச்சை மாற்றிவிடுவார்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலும், நாடு முழுவதும் 2022 ஜூலை 1 முதலும் தடை இருக்கிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பூக்கார அம்மாவின் கூடையிலிருந்து நாலு பையைப் பறிமுதல் செய்வதுதான் நடவடிக்கை என்றால், தயாரிக்கும் இடத்தில் யார் கேட்பது?

கடைக்கு எடுத்துச்செல்லும் துணிப்பையையும் காசு கொடுத்து வாங்க வேண்டாம். கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம் வைத்தது நல்ல முயற்சிதான். ஆனால் கல்யாண வீடுகளில் வாங்கிய தாம்பூலப் பைகள் உங்கள் பீரோவில் இருபதாவது இருக்குமே.

மாமியாரின் பார்சல் டப்பாக்களைத் தூக்கியெறிய வேண்டாம். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் அது பாலிப்ரொப்பிலீன். கடுகு, பெருங்காயக் கட்டி, பொத்தான், ஊசிநூல் போன்ற உலர்ந்த பொருள்களுக்கு ஏற்றது. சூடான சாம்பாருக்கும் ஊறுகாய்க்கும் கூடாது. மஞ்சள் கறை ஏறியதையும் கீறல் விழுந்ததையும் கழித்துவிடுங்கள்.

பாட்டில்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். குளிர்பான பாட்டிலில் செடிக்குத் தண்ணீர் வைக்கலாம், விதை போட்டு வைக்கலாம். ஆனால் ஆசிட், பினாயில், மண்ணெண்ணெய், டர்பன்டைன் ஆகியவற்றை ஒருபோதும் ஊற்றிவைக்கக் கூடாது. தெருவில் வண்டியில் ஆசிட், பினாயில் விற்பவர்கள் "காலி பாட்டில் கொண்டாங்கம்மா" என்று கேட்டு, குடிநீர் பாட்டிலிலேயே நிரப்பித் தருகிறார்கள். ஐந்தோ பத்தோ மிச்சம் என்று நாமும் நீட்டிவிடுகிறோம். ஆசிட் பார்ப்பதற்குத் தண்ணீர் போலவே இருக்கும். நீர் கலந்த வெள்ளைப் பினாயில் பால் போல இருக்கும். குழந்தைக்குத் தெரிந்ததெல்லாம் அது குடிக்கிற பாட்டில் என்பதுதான்; இரவில் தாகத்தோடு எழுந்துவரும் பெரியவருக்கும் அப்படித்தான். மேலே பெயர் எழுதி ஒட்டினாலும் எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைக்கு அது பயன்படாது. பரணில் வைத்திருக்கிறேன் என்பதும் போதாது, என்றாவது ஒருநாள் அது கீழே இறங்கும். தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள், உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். ஆசிட் திரும்பி வரும்போது தொண்டையை மறுபடியும் எரிக்கும், மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். உடனே 108ஐ அழைத்து, அந்த பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதேபோல, பினாயில் இருந்த பாட்டிலைப் பத்துமுறை கழுவினாலும் அதில் தண்ணீரோ எண்ணெயோ ஊற்றக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் சிக்கனம் பார்க்கவே பார்க்காதீர்கள்.

பேப்பர் கப்பின் உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. சூடான காபிக்கு அது ஏற்றதன்று. விருந்தாளிகள் வந்தால் எவர்சில்வர் டம்ளரை எடுங்கள். ஃபாயிலுக்குப் பதில் வாழையிலையும் தூக்குச் சட்டியும் போதும். புளியோதரை, எலுமிச்சைச் சாதம் போன்ற புளிப்பானவற்றை ஃபாயிலில் சுற்றவே வேண்டாம், புளிப்பு அலுமினியத்தை அரிக்கும்.

மிஞ்சும் டப்பாக்களையும் கழுவிக் காயவைத்த பால் கவர்களையும் மாதம் ஒருமுறை பழைய பேப்பர் கடையில் போடச் சொல்லுங்கள். வீட்டுக்கே வந்து எடுப்பவர் என்றால், பொருளைத் தொங்கவிடுவதற்கு முன் தராசு முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று மாமியாரைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் சமையலறைத் தராசில் முன்பே நிறுத்துக் குறித்துவைத்துக்கொண்டு, பிறகு அவரிடம் கொடுங்கள்.