கனமழை உண்டு, கனக்காற்று உண்டா? – ஆங்கிலத் தேர்வு கேள்வி-பதில்

உயர்நிலை ஆங்கிலத் தேர்வுகளுக்குப் படிப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில், திரும்பத் திரும்ப வந்தவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: மூவாயிரம் சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றை மனப்பாடம் செய்கிறேன். பாதிக்கு மேல் முடித்துவிட்டேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒன்றுகூட கைக்கு வரவில்லையே?

வராது. பட்டியலில் சொல் தனியாக நிற்கிறது, வாக்கியத்தில் அது தனியாக நிற்பதில்லை. தமிழையே எடுத்துக்கொள்ளுங்கள். கனமழை என்கிறோம், பலத்த காற்று என்கிறோம். கனக்காற்று என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? இதை நமக்கு யாரும் விதியாகச் சொல்லித் தரவில்லை, காது பழகியிருக்கிறது. ஆங்கிலத்தில் மழைக்கு 'ஹெவி', காற்றுக்கு 'ஸ்ட்ராங்'. 'ஸ்ட்ராங் ரெயின்' என்று எழுதினால் இலக்கணப்படி குற்றமில்லை, ஆனால் திருத்துபவர் அங்கே ஒரு நொடி நிற்பார். 'கொலோகேஷன்' என்பது இந்தச் சேர்க்கைதான்.

மூவாயிரத்தை மூட்டை கட்டி வையுங்கள். ஆவரில் கொக்ஸ்ஹெட் என்ற ஆய்வாளர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலில் இருப்பதே 570 சொற்குடும்பங்கள்தான் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்). அதிலிருந்து தொடங்கலாம். ஆனால் அதையும் வெறும் பொருளோடு படிக்காதீர்கள். 'எவிடென்ஸ்' என்ற சொல்லைப் பாருங்கள். 'சான்று' என்று எழுதிவிட்டு நகர்ந்தால் நாளைக்கே 'எவிடென்சஸ்' என்று எழுதுவீர்கள். அதற்குப் பன்மை கிடையாது. 'ஸ்ட்ராங் எவிடென்ஸ்', 'ப்ரொவைட் எவிடென்ஸ்', 'லிட்டில் எவிடென்ஸ் தட்' என்று அதன் கூட்டாளிகளோடு குறித்துக்கொண்டு, உங்கள் சொந்த வாக்கியம் ஒன்றையும் எழுதுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும்.

கேள்வி: ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் கட்டுரையில், 'ஏராளம்' என்பதற்கு 'ப்ளெதரா', 'மிரியட்' மாதிரி பகட்டான சொற்கள் போட்டால் மதிப்பெண் கூடுமா?

சரியான இடத்தில் இருந்தால் கெடுதல் இல்லை. அவற்றுக்காக வாக்கியத்தை வளைத்தால் கெடுதல்தான். எழுத்துத் தேர்வில் நான்கு அளவுகோல்கள் உண்டு. சொல்வளம் அதில் ஒன்று, கால் பங்கு. அங்கேயும் சொல் பொருந்தியிருக்கிறதா என்று பார்ப்பார்கள், மினுமினுப்பை அல்ல.

கேள்வி: கேம்பிரிட்ஜ் சி1 அட்வான்ஸ்டு தேர்வில், கொடுத்த சொல்லை வைத்து வாக்கியத்தை மாற்றி எழுதும் நான்காம் பகுதிதான் என்னைப் படுத்துகிறது. எப்படிப் பயிற்சி செய்வது?

பலரையும் படுத்தும் பகுதிதான் அது. ஆறு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண் வரை உண்டு. விடை மூன்று முதல் ஆறு சொற்களுக்குள் இருக்க வேண்டும். கொடுத்த சொல்லை ஓர் எழுத்துகூட மாற்றக் கூடாது. 'டோன்ட்' போன்ற சுருக்கங்கள் இரண்டு சொல்லாக எண்ணப்படும்.

ஓர் எடுத்துக்காட்டு. 'ஐ ரெக்ரெட் நாட் டேக்கிங் யுவர் அட்வைஸ்' என்பது மூல வாக்கியம். கொடுத்த சொல் 'விஷ்'. 'ஐ' என்று தொடங்கி 'யுவர் அட்வைஸ்' என்று முடியும் வாக்கியத்தின் நடுவை நிரப்ப வேண்டும். விடை, 'விஷ் ஐ ஹேட் டேக்கன்'. நான்கு சொற்கள். இங்கே பெரும்பாலானோர் இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள். ஒன்று, 'விஷ் ஐ டுக்' என்று காலத்தைக் கோட்டைவிடுவது. இன்னொன்று, மூல வாக்கியத்தில் இருந்த 'நாட்'டை அப்படியே தூக்கி வருவது. கேட்டிருக்கலாமே என்று ஏங்கும்போது, கேட்கவில்லை என்பது அதிலேயே அடங்கிவிடுகிறது. 'நாட்' போட்டால் பொருள் தலைகீழாகிவிடும்.

பயிற்சி என்று கேட்டால், விடை எழுதியதும் இரண்டு வாக்கியங்களையும் தமிழில் சொல்லிப் பாருங்கள். இரண்டும் ஒரே செய்தியைச் சொல்லாவிட்டால் எங்கோ தவறியிருக்கிறீர்கள். தமிழில் யோசிக்கவே கூடாது என்பவர்கள் இதை ஏற்க மாட்டார்கள். எனக்குக் கவலையில்லை, இது வேலை செய்கிறது.

கேள்வி: கொடுத்த சொல்லின் வடிவத்தை மாற்றிக் கோடிட்ட இடத்தை நிரப்பும் சொல்லாக்கப் பகுதியில் எல்லாம் தெரிந்த சொற்கள்தான். ஆனாலும் மதிப்பெண் போகிறது.

எதிர்மறை முன்னொட்டை விட்டிருப்பீர்கள். 'அக்செப்ட்' கொடுத்திருந்தால் கை தானாக 'அக்செப்டபிள்' என்று எழுதிவிடும். தன்னுடைய நடத்தைக்காக அவன் மன்னிப்புக் கேட்டான் என்று வாக்கியம் சொன்னால் அது 'அன்அக்செப்டபிள்' தானே? பத்தியை முழுதாகப் படித்துவிட்டு எழுதுங்கள். எழுத்துப்பிழை இருந்தாலும் மதிப்பெண் கிடையாது.

கேள்வி: 'ஹார்ட்லி ஹேட் ஐ' என்று தொடங்கும் வாக்கியங்கள் எனக்கு இயல்பாக வரவில்லை. எப்போது பயன்படுத்துவது?

'கதவைத் திறந்ததுதான் தாமதம், மழை கொட்டியது' என்று சொல்கிறோமே, அதுதான் இது. 'ஹார்ட்லி ஹேட் ஐ ஓப்பன்ட் த டோர் வென்' என்று போகும். 'ஹார்ட்லி'க்குத் துணை 'வென்', 'நோ சூனர்'க்குத் துணை 'தேன்'. இந்த ஜோடியை மாற்றிப் போடுவதுதான் வழக்கமான பிழை. தமிழில் 'தாமதம்' போடத் தோன்றும் இடத்தில் மட்டும் போடுங்கள். ஒரு கட்டுரைக்கு ஒன்று தாராளம்.

கேள்வி: தினமும் ஒரு மாதிரித் தேர்வு எழுதுகிறேன். மதிப்பெண் அசையவே இல்லை.

தேர்வு எழுதுவது அளந்து பார்ப்பது. தினமும் எடை பார்த்தால் எடை குறைந்துவிடுமா? ஒரு நாள் எழுதுங்கள், அடுத்த இரண்டு நாள் அதைக் கூறுபோடுங்கள். தவறிய ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுத வேண்டும். 'கவனக்குறைவு' என்று எழுதக் கூடாது, அது காரணமே அல்ல.

நானும் இப்படி ஒரு பிழை நோட்டு வைத்திருந்தேன். முதல் பக்கம் முழுக்க 'டிஸ்கஸ் அபவுட்'. 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்ற 'பற்றி' என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அப்புறம் 'சஜஸ்டட் ஹிம் டு கோ'. 'அவனைப் போகச் சொன்னேன்' என்பதை அப்படியே பெயர்த்தது. 'டோல்ட்' என்றால் சரி, 'சஜஸ்டட்' என்றால் 'தட் ஹி கோ' என்று போக வேண்டும். மூன்றாவது, 'த சொசைட்டி', 'த நேச்சர்'. நம்மிடம் 'ஒரு' இருக்கிறது, 'த' இல்லை. அதனால் பயந்து எல்லா இடத்திலும் ஒன்றைச் செருகிவிடுகிறோம். நோட்டு நிரம்பியபோதுதான் தெரிந்தது, நூற்றுக்கணக்கில் பிழை செய்யவில்லை, ஏழெட்டுப் பிழைகளையே நூறு முறை செய்திருக்கிறேன்.

கேள்வி: 'கலர்' என்பதற்கு அமெரிக்க எழுத்துக்கூட்டலா, பிரிட்டிஷா?

இரண்டும் செல்லும். ஒரே தாளில் இரண்டையும் கலக்காதீர்கள்.