டச்லைன் கேள்வி-பதில்: 2021 மே 17-க்கு அப்புறம் சின்ன கிரவுண்டுல எத்தனை பேரை உள்ள விடலாம்?

(இது 2021-ல, இங்கிலாந்துல கொரோனா கட்டுப்பாடு படிப்படியா தளர்ந்தப்போ எழுதினது. இதுல வர்ற கொரோனா விதியெல்லாம் அப்போ இருந்தது, இப்போ இல்ல.) இந்த மாசம் வந்த மெயில்ல பாதிக்கு மேல ஃபுட்பால் தாங்க. வெம்ப்ளி, ஆன்ஃபீல்டு மாதிரி பெரிய ஸ்டேடியம் பத்தி இல்ல. சனிக்கிழமை மதியம் மூணு மணிக்கு எரநூறு முந்நூறு பேரு பிட்ச்ச சுத்தி இருக்குற ரெயில்ல (கம்பி வேலில) சாஞ்சு நின்னு லைன்ஸ்மேனை கலாய்ச்சுக்கிட்டே மேட்ச் பாக்குற, பெரிய நாலு டிவிஷனுக்கும் கீழ இருக்குற நான்-லீக் கிரவுண்டு பத்தி. கிரவுண்டுக்குள்ள ஆளுங்கள திரும்ப விடப் போற மே 17 நெருங்குது இல்லையா, அதான். மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டேன், கோவிச்சுக்காதீங்க.

எங்க க்ளப் ஸ்டெப் 5, அதாவது நான்-லீக்ல மேல இருந்து அஞ்சாவது அடுக்கு. பேப்பர்ல கிரவுண்டு கெப்பாசிட்டி 2000. "4000 பேர் இல்லன்னா பாதி கெப்பாசிட்டி, எது கம்மியோ அது"ன்னு கவர்மென்ட் சொல்லுது. அப்போ ஆயிரம் பேரை விடலாமா சார்? நான் கேட்டுல டிக்கெட் கிழிக்கிற வாலண்டியர்.
*வாசகர், ஈஸ்ட் ஹாம்*

சட்டம் விடுதுங்க, உங்க கிரவுண்டு விடாது. 4000-ங்கிற நம்பர் உங்கள மனசுல வச்சு போட்டது இல்ல, உங்க க்ளப்புக்கு நல்ல நாள்லயே அவ்ளோ பேர் வரமாட்டாங்க, அதனால சட்டம் சொல்ற லிமிட்டை மறந்துட்டு கிரவுண்டு தாங்குற லிமிட்டை நீங்களே கண்டுபிடிக்கணும். போன வருஷம் (2020) போட்ட கணக்கு இன்னும் நியாயமா இருந்துச்சுன்னு நான் சொல்வேன். பேப்பர் கெப்பாசிட்டிய பாக்காம, அந்தந்த ஸ்டெப்புக்கு இருக்க வேண்டிய மினிமம் கெப்பாசிட்டில முதல்ல 15 சதவீதம், ஆகஸ்ட் 31-ல இருந்து 30 சதவீதம்னு வச்சாங்க. ஸ்டெப் 3-க்கு 600, உங்க ஸ்டெப் 5-க்கு 300.

ஸ்போர்ட்ஸ் கிரவுண்ட்ஸ் சேஃப்டி அத்தாரிட்டியோட கிரீன் கைடுன்னு ஒண்ணு இருக்கு, கமிட்டில யாராவது கட்டாயம் வச்சிருப்பாங்க. அதுல கெப்பாசிட்டின்னா நாலு நம்பர்: உள்ள வர்றதுக்கு, நிக்கிறதுக்கு, வெளிய போறதுக்கு, அவசரத்துல காலி பண்றதுக்கு. நாலுல எது சின்னதோ அதான் உங்க கெப்பாசிட்டி. சோஷியல் டிஸ்டன்ஸிங்குக்குன்னே போன வருஷம் எஸ்ஜி02-ன்னு தனியா ஒரு கைடன்ஸும் போட்டாங்க. சாதாரண நாள்ல நல்ல டெரஸ்ல (நின்னு மேட்ச் பாக்குற படிக்கட்டு) 10 சதுர மீட்டருக்கு 47 பேர் வரைக்கும் நிக்கலாம், அந்த கணக்க இப்போதைக்கு மூட்டை கட்டி வச்சிருங்க.

ஒரு பேனா எடுத்துக்கோங்க. பிட்ச் 100-க்கு 64 மீட்டர்னு வைப்போம், ரெயில் ரெண்டரை மீட்டர் தள்ளி ஓடுதுன்னா மொத்த சுத்தளவு 350 மீட்டர் கிட்ட வரும். டக்அவுட், பிளேயர்ஸ் வர்ற வழி, ஆம்புலன்ஸ் கேட் எல்லாம் கழிச்சா 300-ன்னு வைங்க. ஒரு ஆளுக்கு தோள் அகலம் அரை மீட்டர், பக்கத்துல ரெண்டு மீட்டர் இடைவெளி, அப்போ ஒத்த ஒத்த ஆளா நிறுத்தினா 120 பேர் தான் நிக்க முடியும். அதே ரெயில்ல ஒரே வீட்டு ஆளுங்க மூணு மூணு பேரா நின்னா ஒரு குரூப்புக்கு மூன்றரை மீட்டர், 85 குரூப், 255 பேர். பாத்தீங்களா, இடம் ஒரு இஞ்ச் கூடல, ஆளு ரெண்டு மடங்கு ஆயிருச்சு. அதனால டிக்கெட்ட குரூப்பா வித்துப் பழகுங்க, முன்கூட்டியே ஆன்லைன்ல.

ஆன்லைன்னு சொல்றதுக்கு இன்னொரு காரணம் உங்க வேலையே தான். ஒரு டர்ன்ஸ்டைல்ல (ஒவ்வொருத்தரா உள்ள விடுற சுத்துற கேட்) மணிக்கு 660 பேர்னு கிரீன் கைடு சொல்றது உச்சபட்ச வரம்பு. நீங்க காசு வாங்கி, சில்லறை குடுத்து, "எப்படி இருக்கீங்க"ன்னு ஒரு வார்த்தை கேட்டு அனுப்புறதுக்கு 15 செகண்ட் ஆகும், மணிக்கு 240 பேர் தான். அப்போ 255 பேருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல, எல்லாரும் ரெண்டே முக்காலுக்கு வந்தா க்யூ ரோட்டுக்கு போயிரும், அந்த க்யூல தான் கூட்டம், உள்ள இல்ல. கேட்ட ஒன்றரைக்கே திறங்க. கார்டு மட்டும்னு போடுங்க. யாரு வந்தாங்கன்னு கொரோனா ஆப்ல பதியுற கியூஆர் போஸ்டரை கேட்டுக்கு பத்தடி முன்னாடியே ஒட்டுங்க, ஆப் இல்லாதவங்களுக்கு பேரும் நம்பரும் எழுதி 21 நாள் பத்திரமா வச்சுட்டு அப்புறம் கிழிச்சுப் போட்டுருங்க.

போன செப்டம்பர்ல (2020) ஸ்டெப் 3-ல ஆளுங்கள விட்டாங்க, அதுக்கு ஒரு படி மேல இருக்குற நேஷனல் லீக் சவுத்ல விடல. என்ன லாஜிக் இது?
*வாசகர், டூட்டிங்*

லாஜிக் இல்லைங்க, லேபிள் தான். ஸ்டெப் 1, ஸ்டெப் 2 ரெண்டும் "எலீட்" லிஸ்ட்ல இருந்துச்சு, ஸ்டெப் 3-ல இருந்து கீழ இல்ல. வேலைக்குப் போய்ட்டு சாயங்காலம் ட்ரெயினிங் வர்ற பசங்க ஆடுற பல க்ளப்புகள மான்செஸ்டர் சிட்டியோட ஒரே டப்பால போட்டு மூடினாங்க. அக்டோபர் 1 திறப்போம்னு தான் பிளான், செப்டம்பர் 19 அன்னிக்கு கார்லைல், மோர்கம், ஃபாரஸ்ட் கிரீன்னு சில லீக் கிரவுண்டுல ஆயிரம் பேர் வரைக்கும் விட்டு டெஸ்ட்டும் பண்ணாங்க, மூணே நாள்ல, 22-ஆம் தேதி, கொரோனா கேஸ் ஏறுதுன்னு அப்போதைய பிரதமர் போரிஸ் ஜான்சன் நிறுத்திட்டாரு. கேஸ் ஏறினது நிஜம் தான், அத நான் மறுக்கல. ஆனா அதே வாரம் ஸ்டெப் 3 கிரவுண்டுல 600 பேர் நிக்கலாம், டல்விச் ஹாம்லெட் மாதிரி ஸ்டெப் 2 க்ளப்புல ஒருத்தர் கூட நிக்கக்கூடாது, பக்கத்து பப்ல கூரைக்கு அடியில உக்காந்து டிவில மேட்ச் பாக்கலாம்னா யாருக்கு தான் எரிச்சல் வராது.

நேஷனல் லீக் அக்டோபர் 3 அன்னிக்கு காலி கிரவுண்டுல தான் ஆரம்பிச்சுச்சு. லாட்டரி காசுல இருந்து மூணு மாசத்துக்கு 1 கோடி பவுண்டு குடுத்தாங்க, அத பிரிக்கிறதுல ஒரு சண்டை, காசு தீர்ந்ததும் இன்னொரு சண்டை. கடைசில 2021 பிப்ரவரி 18 அன்னிக்கு நார்த், சவுத் ரெண்டு டிவிஷனையும் செல்லாதுன்னு அறிவிச்சாங்க, ஒரு வாரத்துல ஸ்டெப் 3-ல இருந்து 6 வரைக்கும் சீசனை முடிச்சாங்க. டிவி காசு வராத க்ளப்புக்கு கேட் காசு, பார், டீ கவுண்டர், ராஃபிள், இவ்ளோ தான் வருமானம், அத அடைச்சுட்டு ஆடுன்னா எப்படி ஆடுவாங்க.

வெளியில தானே, காத்தோட்டம் தானே, அப்போ என்ன பயம்னு என் வீட்டுக்காரர் கேக்குறாரு. கொரோனா பரவுச்சுன்னு பேசினாங்களே, அந்த லிவர்பூல்-அட்லெட்டிகோ மேட்ச் மறந்து போச்சான்னு நான் கேக்குறேன். யார் சரி?
*வாசகி, ஹாரோ*

ரெண்டு பேரும் சரி, தப்பிச்சேன். 2020 மார்ச் 11, ஆன்ஃபீல்டுல 50 ஆயிரத்துக்கு மேல ஆளுங்க, மாட்ரிட்ல இருந்து மட்டும் 3000 பேர் கிட்ட. அவங்க ஊர்ல அப்பவே மேட்ச்சையெல்லாம் ஆள் இல்லாம நடத்த சொல்லியாச்சு. ஆனா அந்த 3000 பேர் சீட்டுல 90 நிமிஷம் மட்டும் இருந்துட்டு போகல, ஃப்ளைட், பஸ், பப், ஹோட்டல்னு ரெண்டு நாள் ஊர் முழுக்க இருந்தாங்க. உங்க வீட்டுக்காரர் சொல்ற மாதிரி திறந்த வெளில ரிஸ்க் கம்மி தான், ஆனா மேட்ச்ன்னா ரெயில்ல நிக்கிறது மட்டும் இல்லையே. சின்ன கிரவுண்டுல என்னைய கேட்டா பயப்பட வேண்டியது மூணே இடம்: க்ளப்ஹவுஸ், டாய்லெட், கிரவுண்டுக்கு போற கார். வெளியூர் மேட்ச்சுக்கு மினிபஸ்ல 15 பேர் ஜன்னல அடைச்சுட்டு பாட்டுப் பாடிக்கிட்டே போறத முதல்ல நிறுத்தினாலே பாதி வேலை முடிஞ்சுச்சு. இந்த சம்மர் முழுக்க வீட்டு ஆளுங்களோட தனித்தனி கார்ல போங்க, பெட்ரோல் செலவு தான், பரவால்ல.

ஹாஃப் டைம்ல எண்டு மாத்துறது நம்ம வழக்கம், நம்ம டீம் அட்டாக் பண்ற கோல் பின்னாடி போய் நிப்போம். அத தடுக்கணுமா?
*வாசகர், இல்ஃபோர்டு*

மனசு வரல, ஆனா ஆமா. பெரிய ஸ்டேடியத்துல போலீஸ் பிரிச்சு வச்ச கூட்டத்துக்கு தெரியாத சந்தோஷம் இது, ரெண்டு டீம் ஆளுங்களும் நடுவுல கிராஸ் ஆகும்போது ஒருத்தர ஒருத்தர் ஓட்டிக்கிட்டே போறது. பிரச்சனையும் அங்கயே தான், ஒரு மீட்டர் கூட இல்லாத பாதைல நூறு பேரு எதிரும் புதிருமா. முழுசா தடை போடப் பிடிக்கலைன்னா எல்லாரும் கடிகாரம் சுத்துற திசைல மட்டும் நடக்கணும்னு போர்டு வைங்க, டீ கவுண்டர் க்யூ அந்தப் பாதைய மறிக்காம பாத்துக்கோங்க. பால் உங்க பக்கம் வந்தா கையால எடுக்காம காலால தட்டி விடுங்க, சில பேருக்கு அதுலயே ட்ரையல்ஸ் குடுத்த திருப்தி.

பார் திறக்கலாமா? பார் இல்லன்னா எங்க க்ளப் இல்ல.
*கமிட்டி மெம்பர், கிராய்டன்*

திறங்க, ஆனா பழைய மாதிரி இல்ல. ஹாஃப் டைம் 15 நிமிஷம், விசில் அடிச்ச உடனே முதல் பந்திக்கு ஓடுற மாதிரி மொத்த கூட்டமும் ஒரே கதவுக்கு ஓடும், உள்ள ஜன்னல் மூடி ஹீட்டர் ஓடும், ஈரக் கோட்டோட ஒட்டி நின்னு சத்தமா பேசுவாங்க. மத்த 90 நிமிஷத்துல நீங்க எடுத்த ஜாக்கிரதையெல்லாம் அங்க போயிரும். உங்க கிரவுண்டுக்கு எத்தனை டிக்கெட் விக்கலாம்னு முடிவு பண்றதே இந்த 15 நிமிஷம் தான்னு நான் சொல்வேன், ரெயில் 255 பேரை தாங்கினாலும் ஒரு டீ கவுண்டரும் மூணு கக்கூஸும் தாங்கலன்னா தாங்கல.

சட்டப்படி 2021 மே 17-ல இருந்து உள்ளயும் உக்காரலாம், ஒரு டேபிளுக்கு ஆறு பேர் இல்லன்னா ரெண்டு வீட்டு ஆளுங்க, சர்வீஸ் டேபிளுக்கே வரணும், கவுண்டர்ல சாஞ்சு நிக்கக் கூடாது. என் யோசனை, க்ளப்ஹவுஸ கிச்சனா மட்டும் வச்சுக்கோங்க, ஜன்னல் வழியா குடுங்க, டேபிளயெல்லாம் கார் பார்க்குக்கு தூக்குங்க, மழைக்கு ரெண்டு பக்கமாவது திறந்த கூடாரம் போதும், நாலு பக்கமும் துணி இறக்கி விட்டா அதுவும் ரூம் தான். டீயும் தின்ற பையும் (pie) கிக்-ஆஃப்ல இருந்து கடைசி விசில் வரைக்கும் ஓடட்டும், ஹாஃப் டைம்ல வாங்கினா விலை அதிகம், 20-வது நிமிஷத்துல வாங்கினா கம்மின்னு வச்சுப் பாருங்களேன், நம்ம ஆளுங்க சரியா 20-வது நிமிஷத்துல வந்து நிப்பாங்க. டாய்லெட் கதவுகிட்ட ஒருத்தர் நின்னு எண்ணி விடட்டும். அந்த வேலைக்கு யாரும் வரமாட்டாங்கன்னு தெரியும், பிளேயரோட அப்பாவ புடிச்சுப் போடுங்க.

அப்பாவுக்கு 74 வயசு. இருபது வருஷமா க்ளப் கேட்ல உக்காந்து புரோகிராம் விக்கிறாரு. ரெண்டு டோஸும் போட்டாச்சு. போகட்டுமா வேணாமான்னு வீட்ல தினம் சண்டை.
*வாசகி, சட்டன்*

அம்மா, அவரு டாக்டர் கிட்ட ஒரு தடவை கேட்டுருங்க, வேற வியாதி இருக்கான்னு எனக்கு தெரியாது. அது இல்லன்னா போகட்டும்னு தான் சொல்வேன். ஆனா புரோகிராம் விக்கிற வேலை வேண்டாம், முந்நூறு பேரும் நேருக்கு நேரா வந்து காசு நீட்டுற ஒரே இடம் அது. கார் பார்க்ல இடம் காட்டட்டும், டானாய்ல (ஒலிபெருக்கி) கோல் அடிச்சவர் பேர் சொல்லட்டும். இந்த லீக் எல்லாமே அறுபது தாண்டின வாலண்டியர்ங்க தோள்ல தான் ஓடுது, அவங்கள வீட்ல உக்கார வச்சுட்டு கேட்ட திறக்க முடியாது. வீட்ல சமாதானத்துக்கு, 2021 ஏப்ரல் 9-ல இருந்து வாரத்துக்கு ரெண்டு லேட்டரல் ஃப்ளோ டெஸ்ட் (வீட்லயே பண்ற கொரோனா டெஸ்ட்) எல்லாருக்கும் ஃப்ரீ, வெள்ளிக்கிழமை ராத்திரி ஒண்ணு போட்டுக்கட்டும்.

வெம்ப்ளில பண்ற மாதிரி எல்லாரையும் டெஸ்ட் பண்ணி விட்டா என்ன?
*வாசகர், வெம்ப்ளி*

ஊர் பேர காப்பாத்திட்டீங்க. அங்க நடக்குறது ரிசர்ச். 2021 ஏப்ரல் 25 லீக் கப் ஃபைனலுக்கு 8000 பேர், மே 15 எஃப்ஏ கப் ஃபைனலுக்கு 21 ஆயிரம் வரைக்கும், முன்னாடியும் டெஸ்ட், பின்னாடியும் டெஸ்ட், செலவு அரசாங்கத்தோடது. எரநூறு பேர் வர்ற கிரவுண்டுல ரிசல்ட்ட செக் பண்ண ஆள் நிறுத்துற நேரத்துல கேட்ல க்யூ நீளும், அந்த க்யூ பத்தி மேலயே பேசியாச்சு. "வீட்லயே டெஸ்ட் பண்ணிட்டு வாங்க, இருமல் இருந்தா வராதீங்க, டிக்கெட் காசு திருப்பித் தருவோம்"னு டிக்கெட்லயே போடுங்க. கடைசி வரி முக்கியம், காசு போயிரும்னா இருமிக்கிட்டே வருவான்.

ஆள விடாமலே ஸ்ட்ரீமிங்ல சம்பாதிக்கலாமே? மரீன் க்ளப் பண்ணலயா?
*வாசகர், மில்டன் கீன்ஸ்*

மரீனுக்கு 2021 ஜனவரி 10 அன்னிக்கு வந்தது டாட்டன்ஹாம்ங்க! எட்டாவது டிவிஷன் க்ளப், எஃப்ஏ கப் மூணாவது ரவுண்டு, அப்போ டாட்டன்ஹாம் மேனேஜரா இருந்த மொரீனியோவே மரீனோட ஊரு க்ராஸ்பில வந்து நின்னாரு. 10 பவுண்டுக்கு வித்த விர்ச்சுவல் டிக்கெட் 30 ஆயிரத்துக்கும் மேல போச்சு, அதுவும் ஸ்ட்ரீமிங் காசு இல்ல, மேட்ச் பிபிசில ஃப்ரீயாவே வந்துச்சு, க்ளப் பொழைக்கட்டும்னு ஜனங்க குடுத்தது. 5-0 தோத்தாலும் வருஷக் கஷ்டம் தீர்ந்துச்சு. உங்க க்ளப்புக்கு அடுத்த சனிக்கிழமை யாரு வர்றா, பக்கத்து ஊரு டீம், அதுக்கு 10 பவுண்டு யாரு குடுப்பா. ஸ்ட்ரீம் வைங்க, வெளிய வர முடியாத பெரியவங்களுக்கு உதவும், ஆனா ரெயில்ல நிக்கிற 255 பேரு தான் உங்க கரண்ட் பில்ல கட்டப் போறாங்க. ஜூலைல ஃப்ரெண்ட்லி மேட்ச் ஆரம்பிக்கிறதுக்குள்ள ஒரு தடவை காலி கிரவுண்டுல டேப் எடுத்துட்டுப் போய் அளந்துருங்க.