சாயங்காலம் 170 வோல்ட்: ஸ்டெபிலைசர் வாங்கும் முன் எதிர் வீட்டில் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள்

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார். ஊருக்கு வெளியே புது மனைப்பிரிவில் வீடு, தெருவில் கடைசிக்கு இரண்டு வீடு முன்னால். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து பன்னிரண்டு கம்பம் தள்ளி. காலையில் எல்லாம் சரியாக ஓடுகிறது, சாயங்காலம் ஆறரைக்கு மேல் மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது, ஃப்ரிட்ஜ் உறுமிவிட்டு நின்றுவிடுகிறது, மீட்டரில் பார்த்தால் 170 வோல்ட். எதிர் வீட்டில் மட்டும் அவ்வளவு மோசம் இல்லை. கடைக்காரர் வீடு முழுவதற்கும் 5 கே.வி.ஏ. திறனுள்ள ஸ்டெபிலைசர் போடச் சொல்கிறார். இன்னொருவர் வந்து, தெருவில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு 60 ஆயிரம் சேர்த்துக் கொடுத்தால் புது டிரான்ஸ்ஃபார்மர் வாங்கித் தருகிறேன் என்று பாதிப் பணம் முன்பணமாகக் கேட்கிறார். எதைச் செய்வது?

இரண்டையும் செய்யாதீர்கள் அம்மா. உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் விடை இருக்கிறது: எதிர் வீட்டில் அவ்வளவு மோசம் இல்லை.

மின்சாரம் கூடங்குளத்திலோ நெய்வேலியிலோ உற்பத்தியாகி 400 ஆயிரம், 230 ஆயிரம், 110 ஆயிரம் வோல்ட் என்று படிப்படியாக இறங்கி, துணை மின் நிலையத்திலிருந்து 11 ஆயிரம் வோல்ட்டில் உங்கள் தெருமுனைக்கு வருகிறது. எதற்கு இவ்வளவு உயர்ந்த அழுத்தம்? அழுத்தத்தை உயர்த்தினால் அதே மின்சாரத்தைக் கொண்டுபோகக் குறைந்த ஆம்பியர், அதாவது குறைந்த மின்னோட்டம், போதும். கம்பியைச் சூடாக்குவதும் வழியில் வோல்ட்டைத் தின்பதும் ஆம்பியர்தான். 100 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், முழுச் சுமையில் அதன் மேல் பக்கத்தில் 11 ஆயிரம் வோல்ட்டில் கம்பிக்கு 5 ஆம்பியர் சொச்சம்தான் ஓடும், கீழ்ப் பக்கத்தில் 433 வோல்ட்டில் அதுவே 133 ஆம்பியர். அதாவது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி ஒழுங்காக வந்த மின்சாரம், டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து உங்கள் வீட்டுக்கு வருகிற கடைசி அரை கிலோமீட்டரில்தான் களைத்துப் போகிறது. கோளாறை அங்கேதான் தேட வேண்டும்.

அந்த அரை கிலோமீட்டரில் மின்சாரம் வருகிற மூன்று ஃபேஸ் கம்பிகளும் அது திரும்பிப் போகிற ஒரு நியூட்ரல் கம்பியும் ஓடுகின்றன. ஒருமுனை இணைப்பு உள்ள வீடு ஒவ்வொன்றும் மூன்றில் ஏதோ ஒரு ஃபேஸிலிருந்து எடுக்கிறது. மூன்றிலும் வீடுகள் சமமாக இருந்தால் நியூட்ரலில் ஏறக்குறைய எதுவும் ஓடாது, ஒன்று மற்றொன்றைச் சமன் செய்துவிடும். ஆனால் புது மனைப்பிரிவில் நடப்பது என்ன? வீடு கட்டக் கட்ட, இணைப்புக் கொடுக்க வருகிறவர் கம்பத்தில் ஏறிக் கைக்கு எட்டிய கம்பியில் மாட்டிவிட்டு இறங்கிவிடுகிறார். அவரையும் குறை சொல்ல முடியாது, அன்றைக்கு அவருக்கு இன்னும் ஆறு இணைப்பு பாக்கி இருந்திருக்கும். பத்து வருடத்தில் ஒரே ஃபேஸில் பாதித் தெரு தொங்கும்.

கணக்கைப் பாருங்கள். கிராமத்துத் தாழ்வழுத்தக் கம்பிகளில் பரவலாக இருக்கும் மெல்லிய அலுமினியக் கம்பிக்குக் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 0.9 ஓம் தடை. உங்கள் பன்னிரண்டு கம்பம் என்பது அரை கிலோமீட்டர் என்று வையுங்கள். ஒரே ஃபேஸில் 70 ஆம்பியர் போனால், போகும்போது ஃபேஸ் கம்பியில் 31 வோல்ட், திரும்பும்போது நியூட்ரலில் இன்னொரு 31, ஆக 63 வோல்ட் காலி. டிரான்ஸ்ஃபார்மர் அடியில் 235 இருந்தால் உங்களுக்கு 172. உங்கள் மீட்டர் காட்டியது ஏறக்குறைய இதேதான். அதே சுமையை மூன்று ஃபேஸிலும் பிரித்தால் ஒன்றுக்கு 23 ஆம்பியர், நியூட்ரலில் இழப்பே இல்லை, குறைவது 10 வோல்ட் சொச்சம். புதுக் கம்பி வேண்டாம், புது டிரான்ஸ்ஃபார்மரும் வேண்டாம், ஆறில் ஐந்து பங்கு கோளாறு போய்விடுகிறது. இது காகிதக் கணக்கு, சுமை தெரு நெடுகப் பரவியிருப்பதால் நேரில் இவ்வளவு துல்லியமாக வராது. பாதி கிடைத்தாலே உங்கள் ஃப்ரிட்ஜ் ஓடும்.

ஆகவே முதல் வேலை அளப்பது. பிளக்கில் செருகிப் பார்க்கும் சின்ன வோல்ட் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஐந்து நாள், காலை 5, மதியம் 2, மாலை 7.30, இரவு 10, ஒரே பிளக்கில் பார்த்துத் தேதியோடு நோட்டில் எழுதுங்கள். மாலை அளவை மட்டும் எதிர் வீட்டிலும், டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்து வீட்டிலும் எடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து வீட்டிலும் குறைந்தால் டிரான்ஸ்ஃபார்மருக்கே சுமை தாங்கவில்லை, அல்லது மேலே 11 ஆயிரத்திலேயே குறை. அங்கே 225 இருந்து உங்களுக்கு மட்டும் 170 என்றால் கோளாறு கம்பியில். எதிர் வீட்டில் 215, உங்களுக்கு 170 என்றால் ஃபேஸ் சமமில்லை என்பது கிட்டத்தட்ட உறுதி. தெரு நன்றாக இருந்து, உங்கள் வீட்டு மோட்டாரைப் போட்டால் மட்டும் குறைகிறது என்றால் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயரிலோ மீட்டர் பலகையிலோ ஒரு முனை தளர்ந்திருக்கிறது. அந்த இடம் சூடாகும், அதை விட்டுவைக்கக் கூடாது. இந்தியத் தர நிர்ணயப்படி 230 வோல்ட்டுக்குப் பத்து சதவீதம் ஏற இறங்க இருக்கலாம், அதாவது 207 முதல் 253 வரை. உங்கள் 170 அதற்கு எவ்வளவோ கீழே, அதனால் தயங்காமல் புகார் கொடுக்கலாம்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் இழுத்துச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் உயிர் போகும். அந்த மீட்டர் எப்போதாவது 260, 280 என்று மேலே ஏறினால், அல்லது ஒரு நிமிடம் மங்கி அடுத்த நிமிடம் பல்பு கண்ணைக் கூசும்படி எரிந்தால், அது லோ வோல்டேஜ் கோளாறு இல்லை. எங்கோ நியூட்ரல் அறுந்திருக்கிறது, அல்லது அறுந்துகொண்டிருக்கிறது. நியூட்ரல் போய்விட்டால் இரண்டு ஃபேஸில் இருக்கும் வீடுகள் ஒன்றோடொன்று கோத்ததுபோல் ஆகி, இரண்டு ஃபேஸுக்கும் இடையே உள்ள 415 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும். சுமை அதிகம் உள்ள பக்கம் வோல்ட் படுத்துவிடும், சுமை குறைந்த பக்கம் 300க்கு மேல் ஏறும். ராத்திரி ஒரு லைட் மட்டும் எரியவிட்டுத் தூங்குகிற வீட்டில்தான் டிவியும் மோடமும் சார்ஜரும் கருகும். அப்படிக் கண்டால் யோசிக்காமல் மெயினை அணையுங்கள், அக்கம்பக்கத்தையும் அணைக்கச் சொல்லுங்கள், பிரிவு அலுவலகத்துக்கும் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்கும் உடனே சொல்லுங்கள். அப்போது உதவிக்கு வருகிற யாராவது, "எர்த்திலிருந்து ஒரு நியூட்ரல் எடுத்துக் கொடுத்துவிடுகிறேன், தற்காலிகமாக ஓடட்டும்" என்பார். கொடுக்க விடாதீர்கள். வீட்டின் எர்த் கம்பியில் கிரைண்டர், ஃப்ரிட்ஜ், மோட்டார் எல்லாவற்றின் உலோக உடம்பும் இணைந்திருக்கிறது. கோடையில் எர்த் குழி காய்ந்தாலோ கம்பி துருப்பிடித்து விட்டுப்போனாலோ அந்த உடம்புகள் அத்தனையிலும் மின்சாரம் நிற்கும். மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. போட்டிருந்தால் அது பெரும்பாலும் உடனே டிரிப் ஆகும். டிரிப் ஆகிறதே என்று அதையும் கழற்றி நேராக்கிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஈரக் கையோடு கிரைண்டரைத் தொடப்போவது அவர் இல்லை, நீங்கள்.

இனி ஸ்டெபிலைசர். அது வோல்ட்டை எங்கிருந்தும் உண்டாக்குவதில்லை, கம்பியிலிருந்து கூடுதல் ஆம்பியரை இழுத்து வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கிறது. 1500 வாட் ஏ.சி. 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் எடுக்கும், 170லிருந்து ஸ்டெபிலைசர் வழியாக என்றால் கிட்டத்தட்ட 9. அந்தக் கூடுதல் ஆம்பியர் அதே கம்பியில்தான் வர வேண்டும், கம்பியில் வோல்ட் இன்னும் குறையும், பக்கத்து வீட்டுக்காரர் உங்களைவிடப் பெரிய ஸ்டெபிலைசர் வாங்குவார். ஒரு தெருவே இப்படிப் போட்டிபோட்டு வாங்கி, கடைசியில் ஆளுக்கு இருபதாயிரம் செலவழித்து 150 வோல்ட்டுக்கு இறங்கியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மும்முனை இணைப்பு உள்ள வீடுகளில் எந்த ஃபேஸ் நன்றாக இருக்கிறதோ அதற்கு மாற்றிக்கொள்ள ஒரு சுவிட்ச் வைத்திருப்பார்கள், அதிலும் இதே கதைதான், எல்லோரும் நல்ல ஃபேஸுக்கு ஓடினால் அதுவும் படுக்கும். பழைய ஃப்ரிட்ஜுக்கு மட்டும் சின்னதாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை.

பிளக்கில் செருகினால் கரண்ட் பில் பாதியாகும் என்று ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்களே, அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் வயதுக்காரர்களைத் தேடித்தான் வருகிறார்கள். உள்ளே ஒரு கெப்பாசிட்டரும் ஒரு சிவப்பு விளக்கும் இருக்கும், அவ்வளவுதான். வீட்டுக்குக் கட்டணம் யூனிட் கணக்கில், அந்தப் பெட்டி யூனிட்டை ஒரு துளிகூடக் குறைக்காது.

அப்புறம் அந்த 60 ஆயிரம் கேட்கிறவர். லோ வோல்டேஜைச் சரிசெய்ய டிரான்ஸ்ஃபார்மர் வைப்பதும் கம்பி மாற்றுவதும் விநியோகம் செய்கிற நிறுவனத்தின் சொந்தச் செலவு, அதற்கு நுகர்வோர் கையிலிருந்து பணம் வாங்க வழி இல்லை. உங்கள் வசதிக்காக ஒரு கம்பத்தை நகர்த்தக் கேட்டால் மதிப்பீடு போட்டு உங்களிடம் வாங்குவார்கள், அதுவும் ரசீதோடு. இந்த இரண்டையும் குழப்பித்தான் தரகர் பிழைக்கிறார். பல இடங்களில் நடப்பது இன்னும் கேவலம்: வேலைக்கு ஏற்கெனவே அனுமதி வந்திருக்கும், அது அலுவலகத்தில் யாரோ ஒருவர் மூலம் இவர் காதுக்குப் போயிருக்கும், தெருவில் வசூல் செய்துவிட்டு மாதக் கடைசியில் தானாக வரப்போகிற டிரான்ஸ்ஃபார்மரைத் தான் கொண்டுவந்ததாகக் காட்டுவார். தெருவே கையெடுத்துக் கும்பிடும். யாராவது முன்பணம் கொடுத்திருந்தால் இன்றைக்கே போய் ரசீது கேட்கச் சொல்லுங்கள், ரசீது தர முடியாதவர் அநேகமாகப் பணத்தைத் திருப்பித் தருவார்.

புகார் எப்படி எழுதுவது என்பதில்தான் காரியமே இருக்கிறது. "லோ வோல்டேஜ், தயவுசெய்து சரிசெய்யவும்" என்று எழுதினால் காலை 11 மணிக்கு ஒருவர் வந்து பார்ப்பார், 228 இருக்கும், "சரியாக உள்ளது" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். இப்படி மூடப்பட்ட புகார்கள் எத்தனை என்று நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. மாலை சுமை நேரத்தில் கம்பியைக் கவ்விப் பிடித்து ஆம்பியர் அளக்கும் ஒரு டோங் டெஸ்டரோடு டிரான்ஸ்ஃபார்மர் அடியில் அரை மணி நின்றால் தெரிந்துவிடுகிற விஷயம் அது. அதற்கு ஆள் இல்லை, இருக்கிற ஆளுக்கு நேரம் இல்லை, மேலே இருப்பவர்களுக்குப் புது இணைப்புகளின் எண்ணிக்கைதான் கணக்கு, எந்த ஃபேஸில் கொடுத்தார்கள் என்பது கணக்கில்லை. ஆகவே பிரிவு அலுவலக உதவிப் பொறியாளருக்கு, பத்து வீட்டார் இணைப்பு எண்ணோடு கையெழுத்துப் போட்டு, நோட்டில் எடுத்த அளவுகளை இணைத்து, இரண்டே கோரிக்கை வையுங்கள்: மாலை 7.30 மணிக்கு டிரான்ஸ்ஃபார்மரில் மூன்று ஃபேஸிலும் ஆம்பியர் அளக்க வேண்டும், சமமில்லாவிட்டால் இணைப்புகளை ஃபேஸ் மாற்றித் தர வேண்டும். நகலில் முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். மின்னகத்திலும் பதிந்து புகார் எண்ணைக் குறித்துவையுங்கள்.

ஒரு மாதத்தில் அசைவில்லை என்றால் அடுத்த படி உதவி செயற்பொறியாளர், அப்புறம் செயற்பொறியாளர். அதற்கும் மேல் மின்பகிர்மான வட்டத்துக்கு ஒன்றாக மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது, அதன் தீர்ப்பில் திருப்தி இல்லாவிட்டால் சென்னையில் மின் குறைதீர்ப்பாளர். இடையில் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, உங்கள் டிரான்ஸ்ஃபார்மரின் கடந்த ஓராண்டுச் சுமை அளவுகளைக் கேளுங்கள். அளவே எடுக்கவில்லை என்றால் அதையும் எழுத்தில் சொல்லியாக வேண்டும், பதில் எழுதுவதைவிட டோங் டெஸ்டரை எடுத்துக்கொண்டு வருவது சுலபம் என்று பல அலுவலகங்கள் அப்போதுதான் புறப்படுகின்றன.

அதுவரைக்கும் தண்ணீர் மோட்டாரையும் வாஷிங் மெஷினையும் காலை ஆறுக்கு முன்னால் முடித்துக்கொள்ளுங்கள். மாலையில் 180க்குக் கீழே இறங்கினால் ஃப்ரிட்ஜை அணைத்துவிடுங்கள், கதவைத் திறக்காமல் இருந்தால் மூன்று மணி நேரம் குளிர்ச்சி நிற்கும். அந்த உறுமல், கம்ப்ரசர் சுற்ற முடியாமல் திணறி, அளவுக்கு மீறி ஆம்பியர் இழுத்துச் சூடாகிற சத்தம். தினமும் அந்தச் சத்தம் வந்தால் கம்ப்ரசர் இந்தக் கோடையைத் தாண்டாது.