வாசலோடு நின்றுவிடுபவர் வழிகாட்டி அல்ல

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அட்ரியாட்டிக் கடலோரத்துப் பழைய நகரங்களைப் பற்றியவை. குரோஷியாவில் துப்ரோவ்னிக், ஸ்ப்ளிட், த்ரோகிர். பக்கத்து மாண்டினீக்ரோவில் கோட்டோர், பெராஸ்ட், புத்வா. காரும் வழிகாட்டியும் தனியாக ஏற்பாடு செய்துகொண்டு ஒரே நாளில் போய்வரும் பயணத்தை வாங்கியவர்களும் வாங்கப்போகிறவர்களும் எழுதியிருக்கிறார்கள். அதனால் வேறு கேள்விகளை அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டேன். கடிதங்களைச் சுருக்கி, ஒவ்வொன்றின் கீழும் என் பதிலைக் கொடுத்திருக்கிறேன்.

அடுத்த மாதம் துப்ரோவ்னிக்கில் 4 நாள் தங்குகிறோம். ஒருநாள் கோட்டோரும் பெராஸ்டும் போய்வர முன்பணம் கட்டிவிட்டோம். இந்தியப் பாஸ்போர்ட், ஒருமுறை நுழைவு ஷெங்கன் விசா. மாண்டினீக்ரோவுக்குத் தனி விசா வேண்டாம் என்கிறார் ஏற்பாட்டாளர். நம்பலாமா?

அவர் சொன்னது உண்மை. சொல்லாமல் விட்டதுதான் உங்களை நடுத்தெருவில் நிறுத்தும்.

ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா செல்லுபடியாக இருந்தால் மாண்டினீக்ரோ தனி விசா கேட்பதில்லை, 30 நாள்வரை இருக்கலாம். போவதில் சிக்கல் இல்லை, திரும்பி வருவதில்தான் இருக்கிறது. குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கன் பகுதிக்குள் இருக்கிறது, மாண்டினீக்ரோ வெளியே இருக்கிறது. காலையில் எல்லையைத் தாண்டியதும் உங்கள் ஒரே நுழைவு தீர்ந்துவிடும். மாலையில் குரோஷிய அதிகாரி உங்களை உள்ளே விடமாட்டார். பெட்டிகள் துப்ரோவ்னிக் ஹோட்டலில் இருக்கும், நீங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் நிற்பீர்கள்.

இந்தப் பயணத்தை இன்றே ரத்து செய்யுங்கள். அதே நிறுவனத்திடம் அதே நாளுக்கு ஸ்டோன், கோர்ச்சுலா என்று மாற்றித் தரச் சொல்லுங்கள். ஸ்டோனில் சுமார் 5 கிலோமீட்டருக்கு மலைமேல் ஏறி இறங்கும் மதிலும், அந்த மதில் காத்த உப்பளங்களும் இருக்கின்றன. கோர்ச்சுலா தீவில் இருக்கும் சின்ன மதில் நகரம். இரண்டும் குரோஷியாவுக்குள்ளேயே இருக்கின்றன.

இன்னொன்று. ஸ்ப்ளிட் பக்கம் போவதாக இருந்தால் பெல்யெஷாட்ஸ் பாலம் வழியாகப் போகும்படி டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பழைய கடற்கரைச் சாலை நெயூம் என்ற இடத்தில் சில கிலோமீட்டர் போஸ்னியாவுக்குள் புகுந்து வருகிறது. அதுவும் ஷெங்கனைவிட்டு வெளியேறியதாகவே கணக்கு. 2022 ஜூலையில் அந்தப் பாலம் திறந்த பிறகு நெயூம் வழியாகப் போகவேண்டிய அவசியமே இல்லை.

பாஸ்போர்ட்டின் நகலை வாங்கி வைத்துக்கொண்டு இதைச் சொல்லாமல் விடும் ஏற்பாட்டாளர்மேல் எனக்குக் கோபம் வருகிறது. ‘ஒருமுறை நுழைவு’ என்பது விசாவிலேயே அச்சாகியிருக்கிறது.

பயணம் முடிந்து கார்டில் பணம் கட்டும்போது மெஷினில் ‘ரூபாயிலா, யூரோவிலா’ என்று கேட்கிறது. எது லாபம்?

யூரோ. எப்போதும் யூரோ.

‘தனி வழிகாட்டியுடன் முழுநாள்’ என்று போட்டிருந்தார்கள். வந்தவர் நன்றாகக் கார் ஓட்டினார், வழியெல்லாம் பேசினார். ஆனால் ஒவ்வொரு ஊரிலும் கோட்டை வாசலில் இறக்கிவிட்டு, ‘ஒன்றரை மணி நேரம் கழித்து இங்கேயே வாருங்கள்’ என்றார். உள்ளே நாங்களே சுற்றினோம். இதுதான் வழக்கமா?

வழக்கம்தான். இருக்கக்கூடாத வழக்கம். பல வருடமாக இதைப் பற்றி எழுதவேண்டும் என்று இருந்தேன்.

முதலில் இது ஏன் நடக்கிறது என்று சொல்கிறேன். இந்தப் பழைய நகரங்களுக்குள் கார் போகாது. துப்ரோவ்னிக்கில் பிலே வாசலோடும் கோட்டோரில் கடல் வாசலோடும் சாலை முடிந்துவிடுகிறது, உள்ளே நடைதான். அடுத்து, குரோஷியாவில் சுற்றுலா வழிகாட்டியாக இருக்கத் தேர்வு எழுதி உரிமம் வாங்கவேண்டும். அந்தந்தப் பகுதிக்கு என்று தனிப் பாடமும் உண்டு. மாண்டினீக்ரோவிலும் உரிமம் கட்டாயம். உரிமம் இல்லாத டிரைவர் உங்களை உள்ளே கூட்டிப்போய் விளக்கினால் அவருக்கு அபராதம். அதனால்தான் அவர் வாசலோடு நின்றுவிடுகிறார். அவர்மேல் தப்பில்லை. டிரைவரை அனுப்பிவிட்டு வழிகாட்டியின் கூலியையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும் நிறுவனத்தின்மேல்தான் தப்பு.

எனக்கும் இது நடந்திருக்கிறது. ஸ்ப்ளிட்டிலிருந்து த்ரோகிருக்கும் ஷிபெனிக்குக்கும் ‘தனி வழிகாட்டியுடன்’ என்று ஒரு பயணம் வாங்கினேன். த்ரோகிர் பாலத்தருகே இறக்கிவிட்டார்கள். புனித லாரன்ஸ் பேராலயத்தின் வாசல்முன் போய் நின்றேன். 1240-இல் ராதோவான் என்ற சிற்பி செதுக்கியது. இரண்டு பக்கமும் சிங்கங்கள். ஒன்றின்மேல் ஆதாம், இன்னொன்றின்மேல் ஏவாள். நடுவே சின்னச் சின்ன உருவங்களாக அந்தந்த மாதத்து வேலைகளைச் செய்யும் மனிதர்கள். இதெல்லாம் அன்று ராத்திரி அறையில் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டது. வாசல்முன் நின்ற இருபது நிமிடமும் அது என்னவென்றே தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பணம் போனதைவிட அந்த இருபது நிமிடம் வீணானதுதான் இன்றும் வலிக்கிறது.

துப்ரோவ்னிக்கில் அதற்கு நேர்மாறு. உள்ளூர் வழிகாட்டி ஒரு அம்மா, மதில்மேல் என்னை நிறுத்திக் கூரைகளைக் காட்டினார். பெரும்பாலான ஓடுகள் பளிச்சென்ற செம்மஞ்சள். அங்கங்கே சில கூரைகள் மட்டும் மங்கி, வெளுத்து, பாசி பிடித்திருந்தன. ‘மங்கியவைதான் பழையவை. பளிச்சென்று இருப்பதெல்லாம் யூகோஸ்லாவியா உடைந்த 1991-92 போர் முற்றுகையில் குண்டு விழுந்து மாற்றியவை’ என்றார். அதற்கப்புறம் அந்த ஊரை நான் அழகான கடற்கரை ஊராக மட்டும் பார்க்கவில்லை. ஒரு வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான்.

இனி வாங்கப்போகிறவர்கள் பணம் கட்டுவதற்குமுன் இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: எங்களோடு மதிலுக்குள் நடந்து வரப்போவது யார், எந்த ஊருக்கு உரிமம் உள்ளவர், ஒவ்வொரு ஊரிலும் எவ்வளவு நேரம் கூட இருப்பார், எந்த மொழியில் பேசுவார். ‘எங்கள் டிரைவரே எல்லாம் சொல்லுவார்’ என்று பதில் வந்தால் நீங்கள் வாங்குவது வாடகைக் கார். வாடகைக் கார் விலை மட்டும் கொடுங்கள். அந்தந்த ஊரில் உரிமம் உள்ள வழிகாட்டியை இரண்டு மணி நேரத்துக்கு நீங்களே தனியாக அமர்த்திக்கொள்ளலாம். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். விளம்பரப் பக்கத்தைப் படமெடுத்து வைத்திருக்கிறீர்கள் அல்லவா? ‘வழிகாட்டியுடன்’ என்று எழுதியதைக் காட்டிப் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் கார்டு கொடுத்த வங்கியில் ‘சொன்ன சேவை தரப்படவில்லை’ என்று புகார் எழுதுங்கள். வங்கிகள் இதற்கு நாள் கணக்கு வைத்திருக்கின்றன, தள்ளிப்போடாதீர்கள்.

துப்ரோவ்னிக்கில் எங்கள் க்ரூஸ் கப்பல் காலை 8 மணிக்கு வந்து மாலை 5-க்குக் கிளம்புகிறது. அதற்குள் பெராஸ்ட், கோட்டோர், புத்வா, ஸ்வேதி ஸ்தெஃபான் நாலும் பார்த்து, திரும்பி வந்து துப்ரோவ்னிக்கும் பார்க்கத் தனிக் கார் பேசலாமா?

வேண்டாம். கோட்டோர் போக மட்டுமே சுமார் 90 கிலோமீட்டர், எல்லையில் வரிசை இல்லாவிட்டால் இரண்டு மணி நேரம். கோடையில் வரிசை இல்லாமல் இருக்காது. 2025 அக்டோபர் 12-லிருந்து ஷெங்கன் எல்லையில் வெளிநாட்டவர்களின் கைரேகையையும் முகத்தையும் பதியும் புது முறையும் வந்திருக்கிறது. கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், நீங்களாகப் பேசிய காருக்குக் காத்திருக்காது. ஸ்வேதி ஸ்தெஃபானைப் பொறுத்தவரை, அது ஹோட்டலாக மாற்றப்பட்ட தீவு. இந்த மாதிரிப் பயணங்களில் சாலை ஓரத்தில் நின்று படம் எடுப்பதோடு சரி. துப்ரோவ்னிக்கிலேயே இருங்கள். ஒரு நாளுக்கு அது போதும், மிச்சமும் இருக்கும்.

நாலு பேருக்கும் சேர்த்து ஒரே விலை என்றார்கள். துப்ரோவ்னிக் மதில் நடைக்கு நுழைவுச் சீட்டு தனி என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. ஆளுக்கு 40 யூரோ, மொத்தம் 160. இது மோசடிதானே?

நீங்களே அனுப்பிய உறுதிச் சீட்டில் மூன்றாவது வரியில் ‘நுழைவுக் கட்டணங்கள் சேராது’ என்று இருக்கிறது. இதை மோசடி என்று நான் எழுதமாட்டேன். ஏமாந்தவர்களுக்காக எழுதும் இடத்தை, படிக்காதவர்கள் எடுத்துக்கொள்வது எனக்குச் சலிப்பாக இருக்கிறது. பணம் கட்ட இருபது நிமிடம் ஒதுக்கியிருக்கிறீர்கள், படிக்க இரண்டு நிமிடம் ஒதுக்கவில்லை.

போகிறவர்களுக்கு ஒரு தகவல். 2025-இல் மதில் சீட்டும் 40 யூரோ, மதிலோடு அருங்காட்சியகங்களையும் நகரப் பேருந்தையும் சேர்த்துத் தரும் ஒருநாள் பாஸும் 40 யூரோ. வாசலில் அவசரமாக வாங்குகிறவர்கள் வெறும் சீட்டை வாங்கிவிடுகிறார்கள். அதே வருடம் கோட்டோரில் மதில் ஏற 15 யூரோ. கிளம்புவதற்குமுன் அந்த வருடத்து விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள், வருடாவருடம் ஏறுகிறது.

அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வலி உண்டு. பதிவு செய்யும்போதே சொன்னோம். ‘சிரமமில்லாத நடைதான்’ என்று பதில் எழுதினார்கள். கோட்டோரில் வழிகாட்டி நேராக மலைக்கோட்டைப் படிகளுக்குக் கூட்டிப்போனார். பாதி வழியில் அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். அவரைத் தனியே விட முடியாமல் நானும் உட்கார்ந்தேன். வழிகாட்டி மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு மேலே போய்விட்டார்.

படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. அம்மா இப்போது நன்றாக இருக்கிறாரா?

கேட்கவேண்டியதை நீங்கள் கேட்டீர்கள், எழுத்தில் பதிலும் வாங்கினீர்கள். உங்கள் பக்கம் ஒரு குறையும் இல்லை. அந்தக் கோட்டைக்கு ஏறச் சுமார் 1350 படிகள். பல இடங்களில் கல் உடைந்தும் வழுவழுப்பாகவும் இருக்கும், நிழல் குறைவு. விஷயம் தெரிந்த வழிகாட்டி எவரும் முழங்கால் வலி உள்ளவரை அதன் அடிவாரத்துக்குக்கூடக் கூட்டிப்போகக்கூடாது. இத்தனைக்கும் கோட்டோரின் உள்நகரம் சமதளம். 1166-இல் எழுந்த புனித திரிஃபோன் பேராலயம், சதுக்கங்கள், எங்கு பார்த்தாலும் பூனைகள் என்று உட்கார்ந்து உட்கார்ந்து பார்க்கலாம். அம்மாவுக்கு அந்த நாள் கிடைத்திருக்கவேண்டும்.

முழுப் பணத்தையும் கேளுங்கள். ‘சிரமமில்லாத நடை’ என்று எழுதிய அந்த மெயிலை முதலில் வையுங்கள், அப்புறம் நடந்ததை ஐந்தாறு வரியில் எழுதுங்கள். நிறுவனம் பதில் தராவிட்டால் பதிவு செய்த தளத்துக்கும் வங்கிக்கும் அதே கடிதத்தை அனுப்புங்கள். விமர்சனமும் எழுதுங்கள், ஆனால் பணம் வந்த பிறகு. சிலர் விமர்சனத்தை எடுத்தால்தான் பணம் தருவோம் என்று பேரம் பேசுவார்கள்.

ஐரோப்பாவில் ஆன்லைனில் வாங்கியதை 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம் என்று சட்டம் இருக்கிறதே. எங்கள் ஒருநாள் பயணத்துக்கு ஏன் மறுக்கிறார்கள்?

அந்தச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. குறிப்பிட்ட தேதிக்கு என்று பதிவு செய்யும் பொழுதுபோக்குச் சேவைகளுக்கு 14 நாள் உரிமை கிடையாது. பேக்கேஜ் சுற்றுலா வாங்குவோரைக் காக்கும் இன்னொரு சட்டமும் உங்களுக்கு உதவாது. இரவுத் தங்கல் இல்லாமல் 24 மணி நேரத்துக்குள் முடியும் பயணம் அதற்குள் வராது. ஆக, ஒருநாள் பயணத்தில் உங்களுக்கு இருக்கும் பெரிய பாதுகாப்பு அந்த நிறுவனத்தின் ரத்து விதிதான். ‘24 மணி நேரத்துக்குமுன் ரத்து செய்தால் முழுப் பணம்’ என்று எழுதியவர்களிடம் மட்டும் வாங்குங்கள்.

வாட்ஸ்அப்பில் பேசிய கைடு, முழுத் தொகையையும் வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் 20 சதவீதம் தள்ளுபடி என்கிறார். அனுப்பலாமா?

கூடாது.

பெராஸ்ட் பார்க்கத்தான் அந்தப் பயணத்தையே வாங்கினோம். டிரைவர், ‘நேரமாகிவிட்டது, குறுக்கு வழி’ என்று காரைப் படகில் ஏற்றினார். பத்து நிமிடத்தில் அக்கரை. திரும்பும்போதும் அதே படகு. பெராஸ்ட் எங்கே என்று கேட்டதற்கு, ‘அதோ, அந்தப் பக்கம் மலைக்குப் பின்னால்’ என்று கையைக் காட்டினார்.

உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், சந்தேகமே இல்லை. கமெனாரி என்ற இடத்தில் வழி இரண்டாகப் பிரிகிறது. படகில் அக்கரை லெபெதானே போனால் சீக்கிரம். விரிகுடாவைச் சுற்றிப் போகும் சாலையில்தான் பெராஸ்ட் வரும். போகும்போது சுற்றுவழி, திரும்பும்போது படகு என்பது நேர்மையாக நடத்துகிறவர்களின் வழக்கம். இரண்டு முறையும் படகு ஏறினால் அந்த ஊரைக் கைகழுவிவிட்டார்கள் என்று அர்த்தம்.

நீங்கள் தவறவிட்டது சின்ன விஷயமும் இல்லை. ஊருக்கு எதிரே கடலில் ஒரு செயற்கைத் தீவு இருக்கிறது. கல்லையும் பழைய கப்பல்களையும் மூழ்கடித்து மூழ்கடித்து மனிதர்கள் உண்டாக்கியது. இன்றும் ஜூலை 22 அன்று ஊர்க்காரர்கள் படகில் வந்து கல் போடுகிறார்கள். அங்குள்ள மாதா கோயிலில் ஒரு பூத்தையல் படம் இருக்கிறது. கடலுக்குப் போனவனுக்காகக் காத்திருந்த ஒரு பெண் 25 வருடம் தைத்ததாகச் சொல்கிறார்கள், நூலோடு தன் தலைமுடியையும் சேர்த்து. அவளுக்கு வயதாக ஆகத் தையலிலும் முடி வெளுத்துக்கொண்டே போகிறதாம்.

படகில் எடுத்த படங்கள் போனில் இருக்கும், நேரமும் இடமும் பதிவாகியிருக்கும். போகும்போது எடுத்தது ஒன்று, திரும்பும்போது எடுத்தது ஒன்று, இரண்டையும் பயணத் திட்டத்தோடு இணைத்து அனுப்புங்கள். மூன்று ஊர் என்று விற்று இரண்டைக் காட்டியிருக்கிறார்கள், குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது திரும்ப வரவேண்டும். நீங்கள் அந்த ஊருக்காகவே வாங்கியதை முன்பே மெயிலில் எழுதியிருந்தால் முழுத் தொகையும் கேளுங்கள். கடிதத்தின் நகலை எனக்கும் அனுப்பிவையுங்கள், என்ன பதில் வருகிறது என்று பார்க்கலாம்.